மூளைக்கு ரத்தம் குறைவதால் வரும் மறதிநோய்: மொரீஷியஸ் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வயதானவருக்கு மறதி என்றால் உடனே அல்ஸைமர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மூளையின் ரத்தக் குழாய்கள் கெட்டு, ரத்தம் போதாமல் வரும் மறதிநோய் அதற்கு அடுத்தபடி அதிகம் காணப்படுவது. எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். மொரீஷியஸில் வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை, நான்கில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. அந்தக் குழாய்களை முதலில் கெடுப்பவை இந்த இரண்டும்தான். அதனால் இந்தத் தீவில் இந்த நோயைத் தனியாகத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம். வீட்டார் கைக்கு எட்டும் வேலையும் இதில் நிறைய இருக்கிறது.

‘மூளைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும்’ மாத்திரையையும் எண்ணெயையும் தேடி அலைகிற குடும்பங்கள் பல. தேட வேண்டியது சீரான அழுத்தம். ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தாலும் கெடுதல், ஒரே நாளில் சரிந்தாலும் கெடுதல். கீழே சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைப் பற்றியதுதான்.

உள்ளே நடப்பது

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. 100 கிராம் மூளைத் திசுவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லி ரத்தம் ஓடும். 20 மில்லிக்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடும். 10 மில்லிக்குக் கீழே போனால் சில நிமிடங்களில் சாகத் தொடங்கும். தசையைப் போலவோ கல்லீரலைப் போலவோ சேமித்துவைத்துச் செலவழிக்க மூளையிடம் ஏறக்குறைய எதுவும் இல்லை.

அது பக்கவாதத்தின் கணக்கு. மறதிநோயில் நடப்பது மெதுவானது. மூளையின் ஆழத்தில், ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. வெண்பொருள் என்று அதற்குப் பெயர். அங்கே போய்ச்சேரும் குழாய்கள் நீளமானவை, மெல்லியவை. ஒன்று அடைத்தால் பக்கத்துக் குழாயிலிருந்து உதவி வராது. வாய்க்காலில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். வெண்பொருள் மூளையின் கடைமடை. பல ஆண்டு ரத்தக் கொதிப்பில் இந்தக் குழாய்களின் சுவர் தடித்து, விறைத்து, தேவைக்கேற்ப விரியும் திறனை இழக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் வெள்ளைத் திட்டுகளும், 15 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சின்னஞ்சிறு குழிகளும் அப்படி வந்தவை.

நரம்பியல் மருத்துவர் விளாடிமிர் ஹச்சின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1974இல் ஒரு கருத்தை வைத்தார்கள். குழாய் நோயால் வரும் மறதிக்குக் காரணம் வயதால் பொதுவாக ரத்தம் குறைவதல்ல, ஒன்றன்பின் ஒன்றாக விழும் பல சிறு அடைப்புகள் என்றார்கள். மெதுவாகக் கெடும் நுண்குழாய்களின் பங்கு பின்னால் நன்றாகத் தெரியவந்தது. ஆனாலும் அவர்கள் சொன்னதில் வீட்டாருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: அடுத்த அடைப்பைத் தடுக்க முடியும்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல குழாய்கள், அழுத்தம் ஏறினால் சுருங்கியும் இறங்கினால் விரிந்தும் மூளைக்குப் போகும் ரத்தத்தை ஒரே அளவில் வைக்கும். பத்து இருபது ஆண்டுகள் கொதிப்போடு வாழ்ந்தவரின் குழாய்கள் உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிப்போயிருக்கும். அவருக்கு மேல் அழுத்தம் 180ஐ ஒரே வாரத்தில் 115 ஆக்கினால், பதிவேட்டில் அழகாக இருக்கும், மூளைக்கு ரத்தம் போதாது. தலைசுற்றலும் குழப்பமும் வரும், சிலர் விழுவார்கள். வாரங்களாக, மாதங்களாகப் படிப்படியாகக் குறைப்பதே முறை.

ஞாபகமறதிக்கு முன்னால் வரும் அடையாளங்கள்

இந்த வகையில் பெயர்களும் பழைய சம்பவங்களும் பெரும்பாலும் நினைவில் நிற்கும். முதலில் கெடுவது வேகமும் திட்டமிடுதலும். நாற்பது ஆண்டு சமைத்த அம்மா சோறு, பருப்பு, ரசம் மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாமல் தடுமாறுவார். கேள்விக்குச் சரியான பதில் வரும், ஆனால் தாமதமாக வரும். அப்பா சும்மா உட்கார்ந்தே இருப்பார், எதிலும் நாட்டம் இராது. சோம்பல் என்று அதை எண்ணிவிடுவோம். சின்ன விஷயத்துக்குக் கண்ணீர் பொங்கும். நடை கால் ஒட்டிக்கொண்டதுபோல் சிற்றடியாக மாறும். சிறுநீரை அடக்க முடியாமல் ஓட வேண்டிவரும். நடையும் சிறுநீரும் மறதியோடு சேர்ந்து ஆரம்பத்திலேயே மாறினால் ரத்தக் குழாயைச் சந்தேகியுங்கள். வேறு சில மூளை நோய்களும் அப்படி வரும் என்பதால் ஸ்கேன் தேவை.

சிறு அடைப்புகள் விழும்போது நிலைமை படியிறங்குவதுபோல் மோசமாகும்: ஒரு நாள் திடீரென்று ஒரு படி இறக்கம், பிறகு சில மாதம் அதே நிலை. ஆகவே ஒரு நோட்டு வைத்துத் தேதியோடு எழுதுங்கள். ‘மறதி அதிகம்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘மார்ச் 4: பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தெரியவில்லை. முந்தின நாள் தெரிந்தது’ என்று எழுதினால் மருத்துவருக்கு அது ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமம்.

சில மணி நேரத்தில், அல்லது ஒன்றிரண்டு நாளில் வந்த குழப்பத்தை மறதிநோய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, உப்புச்சத்துக் குறைவு, தாழ்சர்க்கரை, புது மாத்திரை, தலையில் பட்ட அடி எதுவும் காரணமாகலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

பிரஷரைச் சரியாக அளப்பது

வீட்டில் எடுக்கும் அளவுகள் பாதி வீணாவது எந்திரத்தால் இல்லை, எடுக்கும் விதத்தால். மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கை இருக்கும் உயரத்துக்கு ஏற்ப எண்ணை மாற்றிவிடும். பட்டையின் அளவு கைக்குப் பொருந்த வேண்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், தேவையில்லாத மாத்திரை ஏறும்.

அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து தேநீர், காப்பி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முட்டிய வயிறோடு எடுத்தால் எண் ஏறிவிடும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல், முன்கையை மேசையில் வைத்து, பட்டை நெஞ்சின் உயரத்தில் இருக்கும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை தொங்கினால் அளவு கூடும். சட்டையின் மேல் கட்டாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முந்தைய ஏழு நாள், காலை மாத்திரைக்கு முன்னும் இரவு படுக்கும் முன்னும் எடுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவில் சராசரி 135/85ஐத் தாண்டினால் அது உயர்வு. ஒரு நாள் 160 வந்தது என்று அரை மாத்திரை கூட்டுவதும், ஒரு நாள் 118 வந்தது என்று மாத்திரையை விட்டுவிடுவதும்தான் அழுத்தத்தை ஊஞ்சலாட்டுகின்றன.

எந்த எண் வேண்டும் என்பதில் ஒரு எச்சரிக்கை. 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு 9,361 பேரைக் கவனித்தது. மேல் அழுத்தத்தை 120க்குக் கீழ் வைக்க இலக்கு வைத்தவர்களுக்கு, 140க்குக் கீழ் வைக்க இலக்கு வைத்தவர்களைவிட லேசான அறிவுத்திறன் குறைவு சுமார் 19 சதவீதம் குறைவாக வந்தது. முழு மறதிநோய் குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சர்க்கரை உள்ளவர்களும் முன்பே பக்கவாதம் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் சேர்க்கப்படாத அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் 120 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அதைத் துரத்தாதீர்கள். உங்கள் அப்பாவுக்கான எண்ணை மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

நிற்கும்போது சரியும் அழுத்தம்

இந்தச் சோதனையை எடுக்காத வீடுகளே அதிகம், ஆனால் இதுதான் மிகவும் பயனுள்ளது. பெரியவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளவெடுங்கள். எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். பின்னால் நாற்காலி இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால், ஒவ்வொரு முறை எழும்போதும் அவருடைய மூளைக்கு ரத்தம் குறைகிறது என்று பொருள். உட்கார்ந்து எடுத்தால் 150 காட்டும் ஒருவருக்கு நின்றால் 115 இருக்கலாம். உட்கார்ந்த எண்ணை மட்டும் கண்ட மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார், அவர் குளியலறையில் விழுவார்.

காரணங்கள் பெரும்பாலும் தேடினால் கிடைக்கும்: நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்றவை, மனச்சோர்வுக்கும் நரம்புவலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், தண்ணீர் போதாமை, நெடுநாள் சர்க்கரையால் கெட்ட நரம்பு. எண்களைக் காட்டி, எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டில் செய்ய வேண்டியது: கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கால்விரலையும் கணுக்காலையும் இருபது முறை அசைத்துவிட்டு எழுவது. இதய நோயோ சிறுநீரக நோயோ காரணமாகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவர் என்றால், காலையில் எழுமுன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் விளக்கு.

வயிறு நிறையச் சாப்பிட்டாலும் இதே சரிவு வரும். குடலுக்கு ரத்தம் திரும்பிவிடும். கல்யாண வீட்டில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறும்போது பெரியவர் ஆசையோடு உண்பதைத் தடுக்க வேண்டாம். சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டி வையுங்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, தனியாக எழ விடாமல் ஒருவர் கைபிடித்து எழுப்புங்கள்.

காவடி விரத நாட்களில்

தைப்பூசம் வருவது இங்கே கோடை உச்சியில். பத்து நாள் சைவ விரதத்தால் கெடுதல் இல்லை. உண்மையில் உப்புக் கருவாடும் பதப்படுத்திய இறைச்சியும் குறைவதால் நல்லது. சிக்கல் காவடி நாளன்று. காலையிலிருந்து வெறும் வயிறு, வெயிலில் நடை, பால்குடத்தோடு கோர் தெ கார்த் மலைக்கோயில் படி போன்ற ஏற்றம். அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போல் விழுங்கியிருந்தால் அழுத்தமும் சர்க்கரையும் ஒருசேர இறங்கும். இருவாரம் முன்பே மருத்துவரிடம் போய், அன்றைக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, இன்சுலின் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்குபவை அவைதான். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவரும் மறதிநோய் உள்ளவரும் தண்ணீர் குடித்தபடி நிழலில் அமர்ந்து கும்பிடட்டும். முருகனுக்கு அது குறையில்லை.

சர்க்கரை அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் மீண்டும் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். திரும்பத் திரும்ப வரும் தாழ்சர்க்கரை மூளைக்குத் தனியாகவே தீங்கு செய்யும். அதனால்தான் தளர்ந்த முதியவருக்குச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை (HbA1c) 7 சதவீதத்துக்குக் கொண்டுவர மருத்துவர்கள் வற்புறுத்துவதில்லை. 8 சதவீத அளவில் நிறுத்திக்கொள்வதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

உப்பு, எண்ணெய், நடை

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி, எல்லாம் சேர்த்து. சமையலில் போடும் உப்பு கண்ணுக்குத் தெரியும். ருகாயில் (தக்காளிக் குழம்பில்) போடும் கருவாடு, அச்சார், மின் ஃப்ரீயில் (வறுத்த நூடுல்ஸில்) ஊற்றும் சோயா சாஸ், சூப் கட்டி ஆகியவற்றில் இருப்பது தெரியாது. கருவாட்டை விடவே முடியாத வீட்டில் அதை வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டி, திரும்பவும் ஒருமுறை ஊறவைத்துவிட்டுச் சமையுங்கள், வேறு உப்பு சேர்க்காமல்.

எண்ணெயால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தீவே சான்று. 1987க்குப் பின் அரசு சாதாரணச் சமையல் எண்ணெயில் பனையெண்ணெய்க்குப் பதிலாகச் சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. 1992 கணக்கெடுப்பில் மக்களின் ரத்தத்தில் சராசரிக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. பொரிப்பதைக் குறைப்பதும் மருத்துவர் எழுதிய, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை விடாமல் போடுவதும் அதன் தொடர்ச்சி.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். ஒரே மூச்சில் வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாகவும் சரி. புகையை இன்றே விடுங்கள். உரக்கக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருபவரைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவெல்லாம் அவருக்கு ஆக்சிஜன் குறைகிறது.

நாடி

மாதம் ஒருமுறை மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து முப்பது வினாடி நாடி பாருங்கள். வேகம் முக்கியமில்லை, சீர் முக்கியம். தாளம் தப்பித் தப்பி, ஒழுங்கே இல்லாமல் வந்தால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இந்தக் கோளாறில் இதய அறைக்குள் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் அடைக்கும். அதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் தனி மருந்து உண்டு. ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது.

பக்கவாதம் என்று தோன்றினால்

முதல் பக்கவாதத்துக்குப் பின் பத்தில் ஒருவருக்குப் புதிதாக மறதிநோய் வருகிறது. மறுபடி ஒன்று வந்தால் மூன்றில் ஒருவருக்கு மேல். ஆகவே இரண்டாவதைத் தடுப்பதைவிடப் பெரிய சிகிச்சை இந்த நோயில் கிடையாது.

வாய் ஒருபக்கம் கோணுகிறதா, இரு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா. ஒன்று இருந்தாலும் 114ஐ அழைத்து சாமு என்ற அவசர ஆம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி 4.5 மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அந்தக் கணக்கு, அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்கும். அந்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பையோடு எடுத்துப்போங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். ஸ்கேன் எடுக்கும்வரை அடைப்பா, ரத்தக் கசிவா என்று யாருக்கும் தெரியாது, கசிவென்றால் அது ஆபத்து. தண்ணீரும் வேண்டாம், விழுங்குவது கெட்டிருக்கலாம். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த சில நாளில் பெரியது வரும் வாய்ப்பு அப்போதுதான் மிக அதிகம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். காந்தோஸ், பாம்பிள்மூஸ், ரோஸ் பெல், ஃப்ளாக், போர்ட் லூயி எதுவானாலும் காத்திருந்து கிடைக்கும் நேரம் குறைவு. நோட்டும் ஏழு நாள் அளவும் கையில் இருந்தால் அந்த நேரம் வீணாகாது. தைராய்டு, சோடியம், பி12 பார்த்தார்களா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல ஆண்டு எடுத்தவருக்கும் சுத்த சைவருக்கும் பி12 குறைந்து மறதி வரும், அது ஊசியில் சரியாகக்கூடியது. மூளைத் திறன் சோதனையில் கடிகாரம் வரைவது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைப்பது போன்றவை இருக்கட்டும். நினைவை மட்டும் சோதித்தால் இந்த வகை தப்பிவிடும். பெரியவர் எந்த மொழியில் எளிதாகப் பேசுவாரோ, கிரியோலோ தமிழோ, அதில் சோதிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாதவர் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஞாபகசக்திக்கென்று கடையில் கிடைக்கும் ஜிங்கோ என்ற மூலிகை மருந்து பற்றி: 75 வயது தாண்டிய 3,069 பேரிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில் அது மறதிநோயைத் தடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் கசிவுக்கு வழிவிடலாம். சளி, அரிப்பு, தூக்கத்துக்கு வாங்கும் பழைய மாத்திரைகளில் குளோர்பெனிரமின், புரொமெதசின் இருந்தால் விலக்குங்கள், குழப்பத்தைக் கூட்டும்.

தினமும் கூட இருப்பவருக்கு

அவருடைய மூளை மெதுவாக வேலை செய்கிறது, நின்றுவிடவில்லை. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். இடையில் மறுபடி கேட்டால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். ‘குளித்துவிட்டு மாற்றிக்கொண்டு வாங்க’ என்பதில் மூன்று வேலை இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மாத்திரையை வாரப்பெட்டியில் ஒருவரே போடட்டும். இரண்டு பேர் போடும் வீட்டில்தான் இருமுறை விழுங்குவது நடக்கும்.

சாப்பிடும்போது இருமினால், குரல் ஈரமாகக் கரகரத்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகிறது. நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால் கொடுங்கள். முந்தைய வாயை விழுங்கிய பின்பே அடுத்தது. தெளிந்த ரசம் சோற்றைவிட எளிதில் புரையேறும், கெட்டியான பருப்புச் சோறு பத்திரம். சாப்பிட்டு அரைமணி நேரமாவது படுக்கவைக்காதீர்கள். இருமல் தொடர்ந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் விழுங்கும் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.